பத்து ரூபாய் வழக்குகள்

"மிஸ், இவ எங்கிட்ட அஞ்சு ரூபா வாங்குனா. நாளைக்குத் தரேன்னு சொன்னா. தரவே மாட்டேங்கிறா."

இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ எடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தப் புகார் புதிதல்ல. வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள், பாடம் பாதியில் நிற்கிறது, சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. அந்த நெருக்கடியில் ஆசிரியருக்குச் சட்டென்று தோன்றும் வழிகள் மூன்று. "பள்ளிக்கூடத்துக்குக் காசு கொண்டு வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா" என்று இருவரையும் சேர்த்துத் திட்டி உட்கார வைக்கலாம். தன் பர்ஸிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்துக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடலாம். அல்லது விசாரணை நடத்தி, பொய் சொல்வது யார் என்று கண்டுபிடித்துத் தண்டிக்கலாம். மூன்றுமே அன்றைய சத்தத்தை அடக்கிவிடும். ஆனால் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே என்னதான் நடந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையிலான பிள்ளைகளின் பணத் தகராறுகளைப் பற்றி உளவியலும் கல்வியியலும் சட்டமும் என்ன சொல்கின்றன, அவற்றில் எது நம் வகுப்பறைக்கு ஆகும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதுத் தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு நேர்மைக் குறைவு காரணமில்லை. ஒரே கொடுக்கல் வாங்கலை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கொடுத்தவளுக்கு அது கடன், வாங்கியவளுக்கு அது தோழி ஆசையாகக் கொடுத்தது. ஒருவன் தொலைத்த காசு இன்னொருவனுக்குத் தரையில் கிடைத்த காசு. பெரியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டு புரிதல்களையும்தான். குற்றவாளி யார் என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். பல நேரம் அது வரவே தேவையிருக்காது.

என்னென்ன வழக்குகள்

பெட்டிக்கடை இல்லாத பள்ளிக்கூட வாசல் நம் ஊர்களில் அரிது. தேன் மிட்டாய், கடலை மிட்டாய், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தை, குச்சி ஐஸ் என்று எல்லாமே ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். இடைவேளையில் கையில் காசு உள்ள பிள்ளையைச் சுற்றி இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். வழக்குகள் பிறப்பது அங்கேதான். மிட்டாய் என்றால் சட்டைத் துணிக்குள் வைத்துக் காக்காக் கடி கடித்துப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஐந்து ரூபாய் நாணயத்தை அப்படிப் பிரிக்க வழியில்லை. ஒருவர் கொடுக்க வேண்டும், இன்னொருவர் வாங்க வேண்டும், நடுவே ஒரு வாக்குறுதி வேண்டும். சின்னப் பிள்ளைகளால் தாங்க முடியாத பகுதி இந்த வாக்குறுதிதான்.

கடன் தவிர வேறு வழக்குகளும் உண்டு. "எனக்கும் சேர்த்து ஒண்ணு வாங்கிட்டு வா" என்று இருபது ரூபாய் கொடுத்தனுப்பிய பிறகு மீதிச் சில்லறை யாருக்கு என்ற சண்டை. வாசனை ரப்பரை ஐந்து ரூபாய்க்கு விற்றுவிட்டு, வீட்டில் திட்டு வாங்கியதும் "திருப்பிக் கொடு" என்று நிற்பது. ஓட்டப் பந்தயத்தில் 'பெட்' கட்டித் தோற்றவன் காசு தர மறுப்பது. ஆசிரியர் தினத்துக்கு வசூலித்த காசில் பத்து ரூபாய் குறைவது. பெஞ்சுக்கு அடியில் கிடந்ததை எடுத்தவன், தொலைத்தவன், பார்த்தவன் என்று மூவர் மோதுவது. இவை எல்லாவற்றிலும் ஆசிரியரைக் கலங்க வைப்பது பையிலிருந்து காசு காணாமல் போவது. அதற்குத் தனியாக வருகிறேன்.

பெரிய வகுப்புப் பையன் சின்னவனிடம் நாள்தோறும் மிரட்டிக் காசு பிடுங்குவதை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அது தகராறில்லை, கொடுமை. நார்வேயில் டான் ஒல்வியஸ் உருவாக்கிய வினாத்தாளில், மற்ற வகைத் துன்புறுத்தல்களோடு காசையும் பொருளையும் பறிப்பதற்கும் தனிக் கேள்வி உண்டு. மிரட்டப்பட்ட பிள்ளையையும் மிரட்டியவனையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமரசம் பேசுவது சின்னவனை மறுபடியும் அவன் கையில் ஒப்படைப்பதற்குச் சமம். அங்கே பெரியவர்கள் நேரடியாகத் தலையிட்டு நிறுத்த வேண்டும். பள்ளியில் வழி பிறக்காவிட்டால் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவை இருக்கின்றன.

குழந்தையின் கையில் காசு

ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐந்து ரூபாய் என்பது நமக்கு இருப்பதுபோல ஓர் எண்ணாக இருப்பதில்லை. அது கையில் கிடக்கும் ஓர் உலோக வட்டம். 2011ஆம் ஆண்டு வரிசையில் வந்த நாணயங்களில் இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர் விட்டம், ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர். பெரியதுதான் அதிக மதிப்புள்ளது என்று நம்பும் வயதில், ஒரு ஐந்து ரூபாயைக் கொடுத்துப் பெரிய இரண்டு ரூபாயை வாங்கிக்கொண்டவன் ஏமாந்ததாக நினைக்க மாட்டான். விஷயம் தெரிந்தபின் அவன் அம்மாதான் கொதிப்பார். 2019இல் அறிவித்த புதிய வரிசையில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் வசதிக்காக மதிப்பு ஏற ஏற அளவும் ஏறும்படி செய்தார்கள். பிள்ளைகளுக்கும் அது நல்லதே. ஆனால் பழைய நாணயங்கள் இன்னும் புழங்குகின்றன. பத்து ரூபாய் நாணயத்தின் கதை வேறு. ரிசர்வ் வங்கி பலமுறை விளக்கம் கொடுத்தும், தமிழ்நாட்டில் பல கடைகள் அதை வாங்க மறுத்தன. பத்து ரூபாய்க் கடனை நாணயமாகத் திருப்பிக் கொடுத்தவனிடம் "இது செல்லாது" என்று மற்றவன் சண்டைக்குப் போனால் தவறு இருவரிடமும் இல்லை.

சில்லறைத் தகராறுக்கு இன்னும் ஆழமான காரணம் உண்டு. பிரிட்டிஷ் குழந்தைகளோடு நீண்ட உரையாடல்கள் நடத்தி 1980இல் நூல் வெளியிட்ட ஹான்ஸ் ஃபர்த், கடைக்காரர் தரும் மீதிச் சில்லறைதான் நமக்குப் பணம் வரும் வழி என்று சின்னஞ்சிறு பிள்ளைகள் நம்புவதைக் கண்டார். கடைக்குப் போனால் பொருளும் தருவார்கள், காசும் தருவார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால், தோழனின் இருபது ரூபாயில் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கி அவனிடம் கொடுத்துவிட்டு, மீதிப் பத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டவன் எதையும் திருடவில்லை. கடைக்காரர் அவன் கையில்தானே கொடுத்தார்! இதைத் தெரிந்துகொள்ளாமல் "மீதியை அமுக்கப் பார்த்தியா?" என்று கேட்கும் பெரியவர், குழந்தை கனவிலும் நினைக்காத ஒரு குற்றத்தை அதன் தலையில் கட்டுகிறார்.

கடைக்காரர் குறைந்த விலைக்கு வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறார் என்ற எளிய உண்மை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பிள்ளைகளுக்குப் பத்து வயதை ஒட்டித்தான் பிடிபட்டது என்று குஸ்தாவ் யஹோடா 1979இல் எழுதினார். அவரே பிறகு ஜிம்பாப்வேயில் பார்த்தபோது, வியாபாரத்தில் பழகிய பிள்ளைகள் ஒன்பது வயதிலேயே லாபத்தைச் சரியாகச் சொன்னார்கள். இந்த வேறுபாடு நமக்கு முக்கியம். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் கடையில் நொடியில் போடும் கணக்கைப் பள்ளிக்கூடத் தாளில் எழுதத் தடுமாறுகிறார்கள் என்று 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. பூக்கடைக்காரரின் மகள் வகுப்பில் சுமாராகப் படிக்கலாம். ஆனால் கொடுக்கல் வாங்கல் வழக்கு வந்தால் யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்று சரியாகச் சொல்லக் கூடியவள் பெரும்பாலும் அவளே. ஆசிரியர் அவளைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். அவளுக்கு வகுப்பில் ஒரு மரியாதையும் கிடைக்கும்.

காலம் என்பதும் இந்த வயதில் கெட்டிப்படுவதில்லை. "நாளைக்குத் தரேன்" என்று ஆறு வயதில் சொல்வதில் பொய்யும் இல்லை, தவணையும் இல்லை. 'இப்போது என்னிடம் இல்லை, நீ கோபித்துக்கொள்ளாதே' என்பதைத்தான் அந்தக் குழந்தை அப்படிச் சொல்கிறது.

கொடுத்ததா, கடனா

ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட குழந்தைகளின் ஒழுக்க உணர்வு பற்றிய நூலில் திருட்டைப் பற்றிய கதைகளும் வருகின்றன. பசித்த ஏழை நண்பனுக்காக ஒரு பையன் கடையில் ரொட்டி திருடுகிறான். அழகாக இருக்கிறதே என்று ஒரு சிறுமி தனக்காக ஒரு ரிப்பன் திருடுகிறாள். யார் செய்தது அதிகத் தவறு? சிறு பிள்ளைகளில் பலர் ரொட்டி பெரியது, விலை கூடியது என்பதால் பையன்தான் மோசம் என்றார்கள். சற்று வளர்ந்தவர்கள் எண்ணத்தைப் பார்த்தார்கள். பியாஜேயின் கதைகளில் எண்ணமும் சேதத்தின் அளவும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன, எண்ணத்தைத் தெளிவாகக் காட்டினால் சின்னவர்களும் புரிந்துகொள்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். வகுப்பறைக்கு அந்தத் திருத்தமே அதிகம் உதவும். "அவ ஏன் அப்படிச் செஞ்சா தெரியுமா?" என்று எடுத்துச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மனம் இளகும். எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

நியாய உணர்வைப் பற்றிய பெரிய ஒப்பீடு 2015இல் வந்தது. இந்தியா, கனடா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, அமெரிக்கா என ஏழு நாடுகளில், நான்கு முதல் பதினைந்து வயது வரை, 866 இணைகளாகப் பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்துத் தின்பண்டத்தைச் சமமில்லாமல் பங்கிட்டார்கள். ஒரு பிள்ளை பங்கை ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் இருவருக்குமே இல்லை. தனக்குக் குறைவாக வந்தபோது மறுப்பது ஏழு நாடுகளிலும் இருந்தது. தனக்கு அதிகமாக வந்தபோது மறுப்பது அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டுமே, அதுவும் வயது ஏறிய பிள்ளைகளிடம் தென்பட்டது. 'எனக்குக் குறைந்துவிட்டது' என்ற வலி எங்கும் சீக்கிரமே வருகிறது. 'எனக்குக் கூடிவிட்டது' என்ற சங்கடம் தாமதமாக, சூழலைப் பொறுத்து வருகிறது. அதனால்தான் புகாரோடு ஓடி வரும் பிள்ளை அத்தனை உறுதியாகவும், எதிரில் நிற்கும் பிள்ளை எதுவும் நடக்காததுபோலவும் இருக்கிறார்கள். எதிரில் நிற்பவளின் அந்த அமைதியைத் திமிர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நண்பர்களுக்குள் காசு புழங்கலாமா என்பதில் நாடுகளே ஒத்துப்போவதில்லை. யமமோட்டோ, டகஹாஷி முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜப்பான், கொரியா, சீனா, வியட்நாம் பிள்ளைகளின் கைச்செலவுப் பணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஜப்பானில் நண்பர்களுக்குள் கடன் கொடுப்பதையும் ஒருவர் மற்றவருக்கு வாங்கித் தருவதையும் பெற்றோர் விரும்புவதில்லை. அவரவர் காசு அவரவருக்கு. கொரியாவிலோ நண்பனுக்கு வாங்கித் தருவது நட்பின் இயல்பான பகுதி. நாமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறோம். தான் மட்டும் தின்பவனை நம் பிள்ளைகள் மன்னிப்பதில்லை. கணக்குப் பார்த்துத் திருப்பிக் கேட்பவளோடு காய் விடுகிறார்கள். அதே பிள்ளையிடம் வீட்டில் "கொடுத்த காசைக் கேட்டு வாங்கிட்டு வா" என்கிறோம். வகுப்பில் 'கொடு' என்ற நெருக்கடி, வீட்டில் 'வாங்கு' என்ற நெருக்கடி. நடுவில் நிற்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. இந்த வழக்குகளில் பாதிக்குக் காரணம் பெரியவர்களாகிய நாமே தரும் இந்த இரண்டு கட்டளைகள் என்பது என் துணிபு.

பிள்ளைகளின் பண்டமாற்றை நட்பிலிருந்து பிரிக்க முடியாது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. பிரிட்டனில் பால் வெப்லி கோலிக்குண்டுப் பரிமாற்றத்தையும், லாஸ் ஏஞ்சல்ஸில் மிசாகோ நுகாகா மதிய உணவுப் பரிமாற்றத்தையும் பார்த்தார்கள். நுகாகா பார்த்த பள்ளிகளில் கொரிய வம்சாவளிப் பிள்ளைகள் கொண்டுவரும் உலர்ந்த கடற்பாசிக்குப் பெரிய கிராக்கி இருந்தது. பள்ளிக்குள் காசையே தடை செய்தால் தகராறு தீரும் என்று நினைக்கும் தலைமை ஆசிரியர்களுக்கு இது ஒரு செய்தி. காசு போனால் அந்த இடத்துக்கு ஸ்டிக்கர் வரும், டிரம்ப் கார்டு வரும், வாசனை ரப்பர் வரும். காசுக்காவது எல்லோருக்கும் தெரிந்த விலை உண்டு, ஸ்டிக்கருக்கு அதுவும் கிடையாது.

சட்டத்தின் பார்வை சுருக்கமானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வயது வராதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்தது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் மோஹோரி பீபீ வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆகவே மூன்றாம் வகுப்புக் கடனை எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தராது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது, ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருந்தால் தான் செய்வதன் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லாதபோது குற்றமாகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 82, 83ஆம் பிரிவுகள் சொல்லின. பாரதிய நியாய சன்ஹிதாவின் 20, 21ஆம் பிரிவுகளும் அதையே சொல்கின்றன. நாட்டின் தண்டனைச் சட்டமே கைவைக்கத் தயங்கும் வயதில், ஒரு வகுப்பறை எதற்காக ஒரு பிள்ளையைத் 'திருடன்' என்று முடிவு கட்ட வேண்டும்?

காணாமல் போன காசு

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

சுற்றுலாவுக்கென்று ஒரு பிள்ளை கொண்டுவந்த ஐம்பது ரூபாய் காணவில்லை. கதவைச் சாத்து, எல்லோரும் எழுந்து நில்லுங்கள், லீடர் எல்லாப் பைகளையும் பார். பல பள்ளிகளில் இப்படித்தான் நடக்கிறது. வேறு சில இடங்களில் சத்தியம் வாங்குவார்கள். சாமி படத்தின் மேல் கை வைக்கச் சொல்வார்கள். மந்திரித்த அரிசியைத் தின்றால் எடுத்தவன் வாயில் ரத்தம் வரும் என்று பயமுறுத்துவார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் குச்சி கொடுத்து, திருடியவனின் குச்சி இரவில் வளர்ந்துவிடும் என்று சொல்லி, பயத்தில் குச்சியை ஒடித்துக்கொண்டு வருபவனைப் பிடிக்கும் பழங்கதையை உண்மையிலேயே செய்து பார்க்கும் ஆசிரியர்களும் உண்டு. கதையில் அது புத்திசாலித்தனம். வகுப்பில் அதில் மாட்டுவது பயந்த பிள்ளை. வீட்டில் அடி வாங்கிப் பழகிய குழந்தை, தான் எடுக்காவிட்டாலும் குச்சியை ஒடிக்கும். கூசாமல் எடுத்தவன் நிம்மதியாகத் தூங்குவான்.

பயம் உண்மையை வெளியே கொண்டுவருமா என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். ஒன்றில் சின்னத் தவறுக்கும் அடி, மற்றதில் அடி கிடையாது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் 'பார்க்காதே' என்று சொல்லி ஒரு பொம்மையை வைத்துவிட்டு வெளியே போனார்கள். திரும்பி வந்து 'பார்த்தாயா' என்று கேட்டபோது, அடிக்கும் பள்ளிப் பிள்ளைகளே அதிகமாகப் பொய் சொன்னார்கள். மேலும் கேட்டபோது அந்தப் பொய்யைத் திறமையாகக் காப்பாற்றியதும் அவர்களே. இதே ஆய்வாளர்கள் 2014இல் இன்னொன்றையும் காட்டினார்கள். பொய் சொன்னவனுக்கு நேர்ந்த கெடுதியைச் சொல்லும் கதைகளைக் கேட்ட பிள்ளைகளிடம் மாற்றமில்லை. உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்கள் கூடுதலாக உண்மை பேசினார்கள். நம் பள்ளிகளில் 'புலி வருது' கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

பை சோதனையின் உண்மையான விலையைக் கொடுப்பது வேறு ஒரு குழந்தை. காசு காணோம் என்றதும் வகுப்பின் கண்கள் எங்கே திரும்புகின்றன என்று கவனித்தால் தெரியும். கிழிந்த சட்டை போட்டவன், அப்பா குடிக்கிறார் என்று ஊருக்கே தெரிந்தவன், காலனியிலிருந்து வருபவள், நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வருபவள். சந்தேகம் நம் ஊரில் சாதி பார்த்தும் சட்டை பார்த்தும்தான் இறங்குகிறது. அந்தப் பிள்ளையின் பையில் ஒரு பத்து ரூபாய் இருந்துவிட்டால், அது பாட்டி கொடுத்தது என்று அவளால் எப்படி நிரூபிக்க முடியும்? காசு கடைசியில் தொலைத்தவனின் ஜாமெட்ரி பாக்ஸிலேயே கிடைக்கலாம். சோதிக்கப்பட்டவள் அன்று பட்ட அவமானத்தை யாரும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. வகுப்பு மாறினாலும் பெயர் அவள் பின்னாலேயே போகும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எல்லோர் முன்னிலும் ஒரு குழந்தையின் பையைக் கொட்டிப் பார்ப்பது இந்த இரண்டாவது வகையில் வராது என்று யாரும் என்னிடம் வாதாட முடியாது.

அந்த ஐம்பது ரூபாய் போகட்டும் என்றே நான் சொல்வேன். தொலைத்த பிள்ளை சுற்றுலாவுக்குப் போக வேண்டும், அதற்கான காசைப் பள்ளி போடட்டும். எடுத்தவன் திருப்பி வைக்க வழி திறந்திருக்கட்டும். "காசு கிடைத்தவர்கள் நாளைக்குள் என் மேசை டிராயரில் போட்டுவிடலாம், நான் யாரென்று கேட்க மாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடி கேட்காமல் இருந்தால் பல முறை காசு வந்துவிடும். வராவிட்டாலும் ஒரு குழந்தை கெட்ட பெயரிலிருந்து தப்பியிருக்கும். ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப எடுக்கிறது என்று ஆசிரியருக்கு உறுதியாகத் தெரிந்தால், அது தனியாக, கதவுக்கு வெளியே, பசிக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளில் தொடங்க வேண்டிய பேச்சு.

கோர்ச்சாக்கின் நீதிமன்றம்

பிள்ளைகளின் உடைமையை இதைவிட மரியாதையாக நடத்தியவர் என்று எனக்குத் தெரிந்தவர் யானுஷ் கோர்ச்சாக். போலந்து மருத்துவர். 1912 முதல் வார்சாவின் குரோக்மால்னா தெருவில் யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்தினார். 1942 ஆகஸ்டில் அந்தக் குழந்தைகளோடு திரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

அவருடைய இல்லத்தில் கண்டெடுத்த பொருட்களை வைக்க ஓர் அலமாரி இருந்தது. பொத்தான், மணி, உடைந்த பென்சில் எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு என்பது அங்கே விதி. குழந்தைகளே நடத்தும் நீதிமன்றமும் இருந்தது. அந்த வாரத்தில் தன் மேல் வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டத்தில் முதல் தொண்ணூற்றொன்பது பிரிவுகளும் ஏதோ ஒரு காரணத்துக்காக மன்னிப்பவை, அல்லது வழக்கையே கைவிடுபவை. நூறாவது பிரிவில்தான் 'இவர் இதைச் செய்தார்' என்ற முடிவே வருகிறது. பெரியவர்கள் மீதும் வழக்குத் தொடுக்கலாம். அரையாண்டில் தன் மீது தானே ஐந்து முறை வழக்குத் தொடுத்ததைக் கோர்ச்சாக் எழுதியிருக்கிறார். ஒரு பையனைக் காதில் அறைந்தது அவற்றில் ஒன்று. ஒரு சிறுமி திருடியிருப்பாள் என்று சந்தேகப்பட்டது இன்னொன்று. அடித்ததையும் சந்தேகப்பட்டதையும் ஒரே நீதிமன்றத்தில் விசாரிக்கத் தகுந்த தவறுகளாக ஒரு பெரியவர் ஒப்புக்கொண்டார். பை சோதனை நடத்தும் நம் பள்ளிகள் அந்த ஒரு வழக்கைத் தெரிந்துகொண்டால்கூட நன்மை. தவறாகச் சந்தேகப்பட்டது தெரிந்தால், எந்த வகுப்பின் முன் கேட்டோமோ அந்த வகுப்பின் முன்னாலேயே ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தலைமை ஆசிரியர் அறையில் தனியாகச் சொன்னால் போதாது.

இங்கிலாந்தில் ஏ. எஸ். நீல் நடத்திய சம்மர்ஹில் பள்ளியில் பொதுக்கூட்டம் கூடிக் கைச்செலவுப் பணத்திலிருந்து அபராதம் விதிப்பது உண்டு. திருடிய பிள்ளைக்கே நீல் பரிசுக் காசு கொடுத்ததும் உண்டு. அன்புக்கு ஏங்கும் பிள்ளைதான் எடுக்கிறது என்பது அவர் நம்பிக்கை. தங்கிப் படிக்கும் சிறிய பள்ளிக்கு அது சரி. நம் வகுப்பில் அப்படிச் செய்தால் காசைப் பறிகொடுத்த பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. எடுத்ததை ஈடு செய்வதே தீர்வு என்ற பகுதியை மட்டும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

நம்மிடமும் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சஞ்சாயிகா என்ற பள்ளிச் சேமிப்புத் திட்டத்தில் பிள்ளைகளே காசாளர்களாக இருந்து வரவு எழுதினார்கள், பாஸ்புக் பார்த்தார்கள். கொடுத்ததும் வாங்கியதும் தாளில் ஏறும் என்ற பழக்கம் அப்படி வந்தது. சேமித்த தொகை சிறியது. அந்தப் பழக்கம் போனது பெரிய இழப்பு.

சாப்பாட்டு மணிக்கு முன்

தொடக்கத்தில் வந்த ஐந்து ரூபாய் வழக்குக்குத் திரும்புவோம். ஆசிரியருக்கு உண்மையில் கிடைக்கும் நேரம் பத்து நிமிடம். அதற்குள் முடியுமா? முடியும், கேள்வியை மாற்றினால்.

"ஏன் திருப்பித் தரலை?" என்று தொடங்கினால் பதிலாக அழுகை வரும். "அந்தக் காசு உன் கைக்கு எப்படி வந்துச்சு?" என்று இருவரையும் தனித்தனியே கேட்டால் கதை வரும். கொடுத்தவள் சொல்வாள்: "அவ ஐஸ் கேட்டா, நான் குடுத்தேன், எங்க அம்மா திட்டுனாங்க." வாங்கியவள் சொல்வாள்: "அவதான் 'இந்தா'ன்னு குடுத்தா. போன வாரம் நானும் மாங்கா குடுத்தேன்ல." இப்போது தெரிந்துவிட்டது. கொடுக்கும்போது அது கடனாக இல்லை. அம்மா திட்டிய மாலையில்தான் கடனாக மாறியது. 'நாளைக்குத் தரேன்' என்பதும் அதற்குப் பிறகு, திருப்பிக் கேட்டபோது வந்ததுதான். மாங்காய்ப் பத்தை ஒருத்தியின் கணக்கில் இருக்கிறது, மற்றவளின் கணக்கில் இல்லை. இருவருமே பொய் சொல்லவில்லை. இதை இருவர் முன்னும் சொல்லிவிட்டு, "இப்போ என்ன பண்ணலாம்?" என்று அவர்களிடமே கேட்கலாம். பிள்ளைகள் தரும் தீர்வுகள் வியப்பாக இருக்கும். பாதி தருகிறேன் என்பார்கள், அடுத்த முறை நான் வாங்கித் தருகிறேன் என்பார்கள், சில நேரம் "வேணாம் மிஸ், பழம் விட்டுட்டோம்" என்று ஓடிவிடுவார்கள்.

திருப்பித் தருவது என்று முடிவானால் நாளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: "வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி." வகுப்பு நோட்டில் ஒரு வரி எழுதி இருவரும் பெயர் எழுதட்டும். வீட்டில் காசே இல்லை என்ற பிள்ளைக்கு அம்மாவை அழைத்து வரச் சொல்லும் தண்டனை வேண்டாம். வாரம் ஒரு ரூபாயாகத் தரலாம், அல்லது கொடுத்தவளே விட்டுக்கொடுக்கலாம், விட்டுக்கொடுத்தது அவள் பெருமையாக நிற்கட்டும். கடனுக்குப் பதிலாகப் பையைத் தூக்கி வா, வீட்டுப்பாடம் எழுதிக் கொடு என்று பிள்ளைகளே பேசிக்கொள்வதுண்டு. அதை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது. கடனுக்கு உடலால் உழைப்பது நியாயம் என்ற எண்ணம் எட்டு வயதில் ஒரு பிள்ளை மனதில் ஊன்றக் கூடாது. பந்தயக் காசை மட்டும் வசூலித்துத் தராமல், "பெட் செல்லாது" என்று இருவரிடமும் சொல்லிவிடலாம்.

பெற்றோருக்கும் சில வேலைகள் உண்டு. பள்ளி வாசலில் நின்று அடுத்தவர் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பதும், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு எழுதுவதும் ஐந்து ரூபாய் விஷயத்தை இரண்டு குடும்பப் பகையாக்கிவிடும். ஆசிரியரிடம் சொல்லுங்கள். "உன்னை யாரு குடுக்கச் சொன்னது?" என்று அடித்தால் அடுத்த முறை பிள்ளை கொடுக்காமல் இருக்காது, கொடுத்ததைச் சொல்லாமல் இருக்கும். காசைக் கையில் வைக்கும்போதே பிரித்துச் சொல்லுங்கள்: இது ஆட்டோக்காரருக்கு, யாருக்கும் தரக் கூடாது, இது உனக்கு, நீ தின்னலாம், கொடுக்கலாம், கொடுத்தால் திரும்பி வராமலும் போகலாம். முதல் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்கும். ஜிபேயில் எல்லாம் முடிந்துவிடும் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். கடையில் போனைக் காட்டினால் பெட்டி பேசுகிறது, பொருள் வந்துவிடுகிறது. மீதி வாங்கி எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

பள்ளி அளவில் செய்ய வேண்டியவற்றுக்குச் செலவே கிடையாது. கண்டெடுத்ததைப் போட ஒரு பெட்டி, பை சோதனை கிடையாது என்ற முடிவு, வசூல் தராதவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது கிடையாது என்ற முடிவு. இவை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறாமல் இருக்க, எழுத்தில் இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு எல்லா அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறது, அதில் பெரும்பான்மையினர் பெற்றோர்கள். கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில், இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெற்றோர் எழுந்து கேட்கலாம்.